வெதுருகுப்பம் முனிசாமி என்று யாரும் இல்லை

சுகுணா,

இந்தக் கடிதம் உனக்கு எழுதியதுதான். ஆனால் உன் கைக்கு வருவதற்குள் பதினான்கு பேர் இதைப் படித்துவிட்டிருப்பார்கள். திருப்பதியில் நாங்கள் மாதத்துக்கு ஒரு ஞாயிறு கூடுகிறோமே, அந்தத் தமிழ் காமிக்ஸ் வாசகர் கூட்டத்தின் ஜெராக்ஸ் இதழில் இதைப் போடச் சொல்லி, அதை நடத்துகிற தாமோதரத்திடம் கொடுக்கப் போகிறேன். "ஆயிரம் பேர் படிக்கிற பத்திரிகை" என்று எழுதத்தான் கை போனது. அடித்துவிட்டேன். பதினான்கு பேர்தான். எங்கெல்லாம் பெரிசாகச் சொல்ல வருகிறதோ அங்கெல்லாம் நிறுத்தி, அடித்து, உள்ளதை எழுதுவது என்று உட்கார்ந்திருக்கிறேன். அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரிந்த மாதிரி வேறு யாருக்கும் தெரியாது.

நீ கல்யாணமாகி சாந்திபுரம் போய் மூன்று மாதம் ஆகிறது. ஞாயிறு தவறாமல் போன் செய்கிறாய். "மாத்திரை போட்டீங்களா அப்பா, கால் வீக்கம் எப்படி இருக்குது அப்பா" என்று கேட்கிறாய். நானும் நல்லபடியாக இருக்கிறேன் என்கிறேன். ஒரு குறையும் சொல்ல முடியாத பேச்சு. அந்த மரியாதைதான் எனக்குக் குத்துகிறது. ஏன் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நேரில் சொல்லலாம் என்றால், நான் வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்கே நிச்சயம் இல்லை. காகிதத்தில் அடிக்கவாவது முடியும்.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். நான் ஏழாவது வரை படித்தவன். தெருவில் எட்டாவது என்று சொல்லி வைத்திருக்கிறேன், பால் வண்டி ஓட்டுகிற இடத்தில் பத்தாவது. அந்த ஏழும் தெலுங்கு மீடியம். வீட்டில் தமிழ் பேசினோமே தவிர, தமிழில் ஓர் எழுத்து தெரியாது. பதினாறு வயதில் மாங்காய் லாரியில் கிளீனராக வேலூர் போனபோது, பஸ் ஸ்டாண்டு ஓரத்துப் பழைய புத்தகக் கடையில் ஒரு காமிக்ஸைப் புரட்டினேன். துப்பாக்கிப் படம், பக்கத்தில் கொட்டையாக மூன்று எழுத்து. டிரைவரிடம் காட்டிக் கேட்டேன். "டுமீல்னு போட்டுக்கீறான்டா" என்றார். எல்லோரும் அம்மா என்று எழுதித் தமிழ் கற்றுக்கொள்வார்கள். நான் டுமீலில் தொடங்கினேன். படத்தை வைத்து எழுத்தையும், எழுத்தை வைத்து அடுத்த படத்தையும் பிடித்துப் பிடித்து, மாங்காய் சீசன் முடிவதற்குள் படிக்க வந்துவிட்டது. கூட்டத்தில் இதை ஒரே வாரம் என்று சொல்லியிருக்கிறேன். ஒரு சீசன் ஆயிற்று.

அதனால் என்ன கேடு வந்தது என்றால், தமிழ் என்றால் அந்தப் புத்தகத்தில் இருப்பதுதான் என்று மனதில் பதிந்துவிட்டது. அதில் யாரும் "இன்னா" என்று கேட்பதில்லை. "துன்னுட்டு வா" என்று கூப்பிடுவதில்லை. குண்டடிபட்டு விழுகிறவன்கூட "நண்பா, என்னை மறந்துவிடாதே" என்று சுத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடுவான். நம் வீட்டில் பேசுவதெல்லாம் ஏதோ கலப்படம், சித்தூர்க்காரன் வாயில் விழுந்து கெட்டுப்போன சரக்கு என்று நினைத்துக்கொண்டேன். வேலூர் டீக்கடையில் "நண்பரே, ஒரு தேநீர் கொடுங்கள்" என்று கேட்டு, கடைக்காரர் பயந்து எழுந்து நின்றார் என்று உனக்குக் கதை சொல்வேனே, அவர் எழுந்து நிற்கவில்லை. சிரித்தார். பக்கத்திலிருந்தவரைக் கூப்பிட்டு இன்னொரு தடவை என்னைச் சொல்லச் சொல்லிச் சிரித்தார்.

தமிழ் காமிக்ஸ் சித்தூருக்கு வராது. எல்லை தாண்டித் தேடிப் போகவேண்டும். திருத்தணி, குடியாத்தம், காட்பாடி என்று எங்கே லோடு போனாலும் அங்கே ஒரு பழைய புத்தகக் கடை கண்டுபிடிப்பேன். அப்படிச் சேர்த்ததால் அதன் மேல் எனக்கு ஒரு வெறி. இரும்புப் பெட்டியில் வேப்பிலை போட்டுப் பூட்டி வைத்தேன். உனக்கு ஆறு வயதில், பெட்டி திறந்திருந்த ஒருநாள், ஒரு கறுப்பு வெள்ளைப் புத்தகத்தில் ஒரே ஒரு பக்கத்துக்கு ஸ்கெட்ச் பேனாவால் நிறம் அடித்தாய். குதிரைக்குப் பச்சை, ஆளுக்கு ஊதா, வானத்துக்கு மஞ்சள். நான் உன்னை அறைந்தேன். சாயந்திரம் வரை உன் அம்மா என்னிடம் பேசவில்லை. அது உனக்கு நினைவிருக்கும். உனக்குத் தெரியாத பாதி ஒன்று இருக்கிறது. பல வருடம் கழித்து அதே புத்தகத்தைக் கூட்டத்துக்கு எடுத்துக்கொண்டு போய், "அச்சகத்தில் சோதனைக்காக ஒரே ஒரு பிரதியில் கலர் ஓட்டினார்கள், உலகத்திலேயே இது ஒன்றுதான்" என்று காட்டினேன். தாமோதரம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, "கையால போட்ட மாதிரி கீதே" என்றார். "அந்தக் காலத்து மிஷின் அப்படித்தான்" என்றேன். ஆளுக்கு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நீ போட்ட நிறத்துக்காக உன்னை அடித்தவனும் நான்தான், அதை வைத்துப் பேர் வாங்கியவனும் நான்தான். தாமோதரம், இதைப் படிக்கும்போது உங்கள் போட்டோவை எடுத்துப் பாருங்கள். அது என் மகள் ஆறு வயதில் போட்ட கலர்.

உனக்கு நான் செய்ததில் அது ஒன்று. இன்னொன்று லட்டு. நீ பத்தாவது தேறியபோது மார்க் நன்றாகவே வந்திருந்தது. எனக்குப் போதவில்லை. தெருவில் ஜில்லா ஃபர்ஸ்ட் என்று சொல்லிவிட்டேன். பக்கத்து வீட்டிலிருந்து லட்டுத் தட்டு வந்தது, எதிர்வீட்டிலிருந்து மாலை வந்தது. நீ ஏதோ சொல்ல வாயெடுத்தாய், ஒருத்தர் லட்டைத் திணித்தார். மென்று முடிப்பதற்குள் இன்னொருத்தர். மறுநாள் பேப்பரில் வேறு ஒரு பிள்ளையின் படம் வந்தது. நான் பால் வண்டியை எடுத்துக்கொண்டு குடிபாலா பக்கம் போய்விட்டேன். தெருவுக்குப் பதில் சொல்லிக்கொண்டு நின்றது நீ. "பேப்பர்ல தப்பா போட்டுட்டாங்க" என்று சொல்லச் சொல்லியிருந்தேன். அதை நீ சொல்லவில்லையாம். "நைனா சந்தோஷத்துல சொல்லிட்டாரு" என்றாயாம். அன்றைக்கே எனக்குப் புத்தி வந்திருக்கவேண்டும்.

இப்போது அந்தக் கூட்டத்துக்கு வருகிறேன். உனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த சமயம். திருப்பதியில் ரத்தப் பரிசோதனை லேப் வேலைக்கு தினமும் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தாய். அந்த வாரம் திடீரென்று, "நானும் ஒரு வாட்டி உன் கூட்டத்துக்கு வரேன் நைனா" என்றாய். எனக்குத் தலைகால் புரியவில்லை. மகள் என் பெருமையைப் பார்க்க வருகிறாள் என்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினேன். நீ வந்த காரணம் வேறு என்று இப்போதுதான் தெரிகிறது.

டிபன் கடை மாடி. வழக்கம்போல ஆளுக்கு ஆள் புத்தகத்தைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து, ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்திருக்கிறதா, அட்டை மூலை மடிந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். கூட்டத்தில் புதிதாகச் சேர்ந்த கல்பனா, ஆஸ்பத்திரி நர்ஸ், புத்தூர்ப் பெண், போனை நீட்டினாள்.

"அண்ணா, நீங்கல்லாம் புக்கே பாத்துக்கினு கீறீங்க. இத பாருங்க. வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழம போன்ல வருது. 'பின் சீட்டு'ன்னு பேரு. நம்ம சித்தூர் பஸ்ஸு, நம்ம பேச்சு. யார் போடறாங்கன்னே தெரியல."

தாமோதரம் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "புக்கு எங்கம்மா?"

"புக்கு இல்லண்ணா, போன்லதான்."

"அப்ப இது காமிக்ஸ் இல்ல. போன்ல வர்றது மெசேஜு."

எல்லோரும் சிரித்தார்கள். "அட்டை இல்ல, நம்பர் இல்ல, எத்தனாவது பிரின்ட்டுன்னு எத வெச்சுச் சொல்றது?" என்றார் இன்னொருவர். போன் என்னிடம் வந்தது. கண்ணாடிகூடப் போடாமல், கையை நீட்டிப் பிடித்து இரண்டு படம் பார்த்தேன். இரண்டே படம். பஸ்ஸின் கடைசி சீட்டில் ஒரு ஆள். "எறங்கலாம் வா நைனா" என்கிறது ஒரு பெண். அவ்வளவுதான், எனக்கு மேடை கிடைத்துவிட்டது.

"நைனாவாம்! காமிக்ஸ்ல எவனாவது நைனான்னு கூப்புடுவானா? இது காமிக்ஸா, பால் வண்டியா?" என்றேன்.

பால் வண்டி ஓட்டுகிறவன் நான்தான். கூட்டம் சிரித்தது. நான்கு பேர் சிரித்தால் நான் எங்கே நிற்பேன் என்று உனக்குத் தெரியும். "இத போடறவன எனக்கு நல்லா தெரியும்" என்றேன். "வெதுருகுப்பத்துக்காரன். முனிசாமின்னு பேரு. போன வருசம் எங்க வாசப்படில வந்து கால்ல வுழுந்தான். கத சொல்லிக் குடுங்க குருவேன்னான். ஒனக்கு வெரலே வளையல, போய் கரும்பு வெட்டுடான்னு தொரத்திவுட்டேன். எங்கிட்ட கேட்டுக்கினு போன கதைங்களத்தான் இப்ப போட்டுக்கினு கீறான்."

கல்பனாவின் முகம் மலர்ந்துவிட்டது. "நெஜமாவா அண்ணா? அவர் நம்பர் குடுங்களேன்."

"அவனுக்கு ஏதும்மா நம்பரு? போனே அடுத்தவனுது."

நீ அப்போது கீழே கடையிலிருந்து வந்த காபி டம்ளர்களை ஒவ்வொருவர் முன்னாலும் வைத்துக்கொண்டு வந்தாய். என் முன்னாலும் வைத்தாய். "சூடா கீது, பாத்து" என்றாய்.

திரும்பி வரும்போது சந்திரகிரி தாண்டியதும் நீயாகவே ஆரம்பித்தாய்.

"அந்த முனிசாமி எப்படி இருப்பான் நைனா?"

"கறுப்பா, நெட்டையா. ஒரு கண்ணு கொஞ்சம் மாறு."

"பாவம்."

"இன்னா பாவம்?"

"அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்தானே, ஒரு வாய் காபியாவது குடுத்தியா?"

"குடுத்தேன், குடுத்தேன். உங்கம்மாதான் போட்டுக் குடுத்தா."

நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். கதை உனக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்து, முனிசாமிக்கு இரண்டு தங்கச்சி, குடிகார அண்ணன் எல்லாம் சேர்த்துப் பூதலப்பட்டு வரைக்கும் சொல்லிக்கொண்டு வந்தேன். சித்தூர் பஸ் ஸ்டாண்டு வந்ததும் நீ எழுந்து, "எறங்குங்க அப்பா" என்றாய். பிறந்ததிலிருந்து நைனா, நீ, வா, போ. அன்றைக்கு அப்பா, நீங்க. நான் அதையும் பெருமையாக எடுத்துக்கொண்டேன். புகுந்த வீட்டுக்குப் போகிற பெண், நாகரிகமாகப் பேசப் பழகிக்கொள்கிறாள் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

உண்மை தெரிந்தது உன் புருஷன் வாயால். கல்யாணத்துக்கு அப்புறம் முதல் தடவை நீங்கள் இரண்டு பேரும் வந்தபோது, சாப்பிட உட்கார்ந்த இடத்தில் முரளி கேட்டார்: "மாமா, 'பின் சீட்டு' ஏன் நிறுத்திட்டா? கேட்டா நேரம் இல்லைன்றா. பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு அதத்தான் காட்டினா. அந்த நைனாவ நேர்ல பாத்தே ஆகணும்னுதான் நான் சரின்னே சொன்னேன்." 'பின் சீட்டு' போட்டது நீ. நீ ரசம் எடுத்துவர உள்ளே போயிருந்தாய். அந்த நேரத்திலாவது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "ஆமாமா, நான்தான் கொஞ்ச நாள் நிறுத்தி வைன்னு சொன்னேன்" என்றேன். சுகுணா, அடிபட்ட இடத்திலேயே மறுபடி பொய் சொல்கிறவனை என்ன செய்வது?

நீங்கள் கிளம்பிப் போன பிறகு உன் அம்மாவிடம் கேட்டேன், உனக்குத் தெரியுமா என்று. "ரெண்டு வருசமா தெரியும்" என்றாள். எனக்கு ஏன் சொல்லவில்லை என்றேன். "ஒனக்குச் சொன்னா ஊருக்கே சொல்லுவ. கீற மாதிரியா சொல்லுவ? எம்பொண்ணு டில்லில சினிமா எடுக்கறான்னு சொல்லுவ. மறுபடியும் அவ வாயில லட்டு திணிப்பாங்க. அதுக்குத்தான் அவ பயந்தா" என்றாள். பிறகு தெலுங்கில், "அந்தா அபத்தமே", எல்லாம் பொய்தான் என்றாள். தெலுங்கில் பொய்க்கு அபத்தம் என்று பேர். தமிழில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம். என் விஷயத்தில் இரண்டும் பொருந்தும்.

மறுநாள் பால் இறக்கிவிட்டு, குடிபாலா ரோட்டில் நிழலாக வண்டியை நிறுத்தி, கண்ணாடி போட்டுக்கொண்டு முதல் அத்தியாயத்திலிருந்து ஆரம்பித்தேன். முதல் நான்கைந்தில் கைகள் எல்லாம் கத்தரிக்காய் மாதிரி இருந்தன. லேப்புக்குப் போய் வருகிற பஸ் ஆட்டத்தில், போன் மேல் விரலால் வரைந்தால் வேறெப்படி இருக்கும்? போகப் போக விரல் விரலாகப் பிரிந்து வந்தது. கம்பியைப் பிடிக்கிற கை, சில்லறை நீட்டுகிற கை. நான் இத்தனை வருடம் படித்த புத்தகங்களில் எல்லாம் கை தேர்ந்தவர்கள் வரைந்ததைத்தான் பார்த்திருக்கிறேன். ஒருத்தி வாரா வாரம் தேறிக்கொண்டே வருவதைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. அதைப் பக்கத்தில் இருந்து பார்க்கவேண்டியவன் நான்.

அதில் நீ செய்கிற ஒரு வித்தையைப் பற்றிச் சொல்லவேண்டும். கூட்டத்தார் இதைக் கவனித்துப் படிக்கவேண்டும். கடைசி சீட்டு நைனா ஒரு பொய் சொல்வார். அது முழு நிறத்தில், திரை கொள்ளாமல் வரும். விரலால் மேலே தள்ளினால் வெள்ளை. இன்னும் தள்ளினால் இன்னும் வெள்ளை. முடிந்துவிட்டது போல என்று நினைக்கும்போது, கீழே பென்சில் கோட்டில் சின்னதாக, நடந்தது என்னவோ அது இருக்கும். இதை ஒரு தாளில் அச்சடித்தால் செத்துப்போகும். தாளில் நம் கண் ஒரு திருட்டுக் கண். பக்கத்தைத் திருப்பியதுமே கடைசிக் கட்டத்தை எட்டிப் பார்த்துவிட்டு வந்துதான் முதல் கட்டத்தைப் படிக்கும். போனில் அது நடக்காது. விரலைத் தள்ளுகிற வரைக்கும் அடுத்தது இல்லை. பொய்யிலிருந்து நிஜத்துக்கு எவ்வளவு தூரம் என்பதை என் கட்டைவிரலே அளந்துகொண்டு போயிற்று.

லட்டு அத்தியாயம் வந்தது. மேலே யானை மேல் ஒரு பெண், கலெக்டர் மாலை போடுகிறார், வானத்தில் வாண வேடிக்கை. தள்ளினேன். தள்ளிக்கொண்டே இருந்தேன். அந்த வெள்ளை மாதிரி நீளமான வெள்ளை மற்ற எதிலும் இல்லை. கடைசியில் கன்னம் இரண்டும் உப்பின ஒரு சின்ன முகம், இரண்டு கண். ஒரு வார்த்தையும் இல்லை. முரளி சொன்னபோதுகூட உறைக்காதது, அந்த நைனா நான்தான் என்பது, அங்கேதான் எனக்கு உறைத்தது. அதுவரை, உண்மையைச் சொல்கிறேன், யாரோ ஒரு கோமாளி என்று சிரித்துக்கொண்டுதான் படித்தேன்.

வண்டியிலிருந்து இறங்கி முகம் கழுவிக்கொண்டு வந்து அடுத்ததைப் படித்தேன். அதில் நைனா திருமலை ரோட்டில் சிறுத்தையை விரட்டுகிறார். நான் எல்லோரிடமும் சொல்கிற கதை. மேலே சிறுத்தை பயந்து ஓடுகிறது, சட்டை கிழிந்த வீரனாக நைனா. கீழே பென்சிலில், அலிபிரிப் படியில், தூங்கிப்போன குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருத்தன் ஏறிக்கொண்டிருக்கிறான். வெறும் கால். பாதத்தில் கொப்புளம். முகம்கூடத் தெரியவில்லை, முதுகுதான். சுகுணா, அது நடந்தது. உனக்கு நான்கு வயது. அதை நான் யாரிடமும் சொன்னதே இல்லை. சொல்ல அதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். தோளில் தூங்கிக்கொண்டு வந்தவளுக்கு என் கால் எப்படித் தெரியும் என்று உன் அம்மாவைக் கேட்டேன். "மேல போனதும் ஒனக்கு எண்ண தடவுனது அவதான். மறந்துட்டியா?" என்றாள். மறந்துவிட்டேன். சிறுத்தையை மட்டும் ஞாபகம் வைத்திருந்தேன்.

ஒவ்வொன்றுக்கும் கீழே படித்தவர்கள் எழுதியிருந்தார்கள். நகரியில் பவர்லூம் ஓட்டுகிற ஒருவர், "சத்தத்துல ஒன்னும் கேக்காது, இத பாத்துக்கினே சிரிக்கிறேன்" என்று. யாரோ ஒரு பெண், "எங்க நைனாவும் இப்படித்தான்" என்று. நீ ஒவ்வொருவருக்கும் பதில் போட்டிருந்தாய். கடைசி அத்தியாயத்தின் கீழே கல்பனா எழுதியிருந்ததையும் பார்த்தேன்: "வர்ற ஞாயிறு எங்க காமிக்ஸ் கூட்டத்தில் இதைக் காட்டப் போகிறேன்." அது வெள்ளிக்கிழமை. ஞாயிறு நீ என்னோடு பஸ் ஏறினாய். அதற்குப் பிறகு ஒரு அத்தியாயமும் இல்லை. உன் அம்மாவுக்குத் தமிழ் எழுத்து தெரியாது, அவளும் தெலுங்கு மீடியம்தான். படத்தை வைத்தே இரண்டு வருடம் பின்தொடர்ந்திருக்கிறாள். எழுத்துக் கூட்டி ஆயிரம் புத்தகம் படித்த நான், இல்லை, ஐநூறுக்குள் இருக்கும், இரண்டு படத்தோடு நிறுத்திக்கொண்டு தீர்ப்புச் சொன்னேன்.

எங்களைப் போன்றவர்களுக்கு இது ஏன் கண்ணில் படுவதில்லை என்று யோசித்தேன். கஷ்டப்பட்டுத் தேடிக் கிடைத்தால்தான் எங்களுக்கு அது காமிக்ஸ். சும்மா கிடைப்பதை மதிக்கப் பழகவில்லை. பெட்டியில் பூட்ட முடியாது, உறை போட முடியாது, "என்னிடம் இருக்கிறது, உன்னிடம் இல்லை" என்று சொல்ல முடியாது. எல்லோர் போனிலும் இருக்கிறதை வைத்து நான் எப்படிப் பெரிய ஆள் ஆவது? நாங்கள் கதையை நேசித்தோமா, கதை கையில் இருப்பதை நேசித்தோமா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. இவை எல்லோருக்கும் பொதுவான காரணம். என் சொந்தக் காரணம் வேறு. அது நம் வீட்டுப் பேச்சில் பேசியது. கொட்டை எழுத்தில் நைனா என்று பார்த்ததும் எனக்குக் கூசிவிட்டது, வேலூர் டீக்கடையில் கூசின மாதிரி. அந்தக் கூச்சத்தைத்தான் சிரிப்பாக மாற்றி, உன் மேல் எறிந்தேன்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் பெற்றவன், சொல்லாமல் இருக்க முடியவில்லை. நாளைக்கு உன் பிள்ளை எதையாவது கொண்டுவந்து காட்டினால், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசிவரைக்கும் பார். பார்த்து முடித்த பிறகு என்ன வேண்டுமானாலும் சொல். யாரைப் பற்றியாவது உன்னிடம் கேட்டால், தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிடு. ஒரு நொடிதான் அவமானம். நான் அந்த ஒரு நொடிக்குப் பயந்தே ஐம்பத்தெட்டு வருடம் ஓட்டிவிட்டேன்.

போன ஞாயிறு கூட்டத்தில் எழுந்து உண்மையைச் சொல்வது என்று முடிவு செய்தேன். உன் விஷயத்தை உன்னைக் கேட்காமல் சொன்னால் அது இன்னொரு லட்டு. உன்னிடம் கேட்க வாய் வரவில்லை, முரளியைக் கேட்கச் சொன்னேன். பதிலுக்கு அவர் போன் செய்தார்.

"அவர் இஷ்டம், பேர் போட்டே சொல்லட்டும், எப்படியும் நம்ப மாட்டாங்கன்னு சொன்னா மாமா."

"சிரிச்சுக்கினே சொன்னாளா?"

"அடுப்பு பக்கம் திரும்பிக்கினு இருந்தா மாமா. மூஞ்சி தெரியல."

மாடியில் எல்லோரும் உட்கார்ந்ததும் எழுந்தேன். வெதுருகுப்பம் முனிசாமி என்று யாரும் இல்லை, அது நான் விட்ட கதை, 'பின் சீட்டு' போடுவது என் மகள் சுகுணா என்றேன். தாமோதரம், "அதானே பாத்தேன். போன வாட்டி சிஷ்யன், இந்த வாட்டி பொண்ணு. அடுத்த வாட்டி நான்தான் போட்டேன்னு சொல்லுவீங்க" என்றார். மாடியே அதிர்ந்தது. ஏழுமலையான் மேல் சத்தியம் என்றேன். "சிறுத்தைக்கும் இதே சத்தியம்தான் பண்ணீங்க" என்றது ஒரு குரல். காட்டுவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. உன் பேர் எங்கேயும் இல்லை, ஓரத்தில் ஒரு குட்டி பஸ் படம்தான். இதையெல்லாம் என் மகளுக்கு ஒரு கடிதமாக எழுதித் தருகிறேன், இதழில் போடுங்கள் என்று கேட்டேன். "தாராளமா எழுதுங்க. மேல சிறுகதைன்னு போட்டுடறேன்" என்றார் தாமோதரம். எப்படிப் போட்டாலும் சரி என்று சொல்லிவிட்டேன்.

நீ மறுபடியும் வரையவேண்டும் என்று நான் கேட்கப் போவதில்லை. அதைக் கேட்கிற இடத்தில் நான் இல்லை. உன் கை, உன் பஸ், உன் வெள்ளிக்கிழமை. நடந்ததை மட்டும் சொல்லி முடிக்கிறேன்.

கூட்டம் கலைந்து படியிறங்கும்போது கல்பனா பின்னாலேயே வந்தாள். அவள் சிரிக்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

"அண்ணா, அன்னிக்கு காபி குடுத்தாங்களே, அவங்களா?"

"ஆமாம்மா."

"நீங்க அந்த முனிசாமி கத சொன்னப்ப அவங்க அங்கதானே இருந்தாங்க?"

"ஆமாம்மா."

அவள் வேறு எதையும் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "அடுத்தது எப்பண்ணா வரும்?" என்றாள்.

பதில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. வர்ற வெள்ளிக்கிழமை, எங்கிட்ட காட்டிட்டுத்தான் போடுவா, நான் பார்த்து ரெண்டு இடத்துல திருத்தச் சொல்லியிருக்கேன். முழுசாக, அழகாக, நிறத்தோடு வந்து நின்றது. விழுங்கினேன்.

"எனக்குத் தெரியாதும்மா" என்றேன்.

கல்பனா தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனாள். அந்த ஒன்றை அவள் நம்பினாள்.